இடது கை செய்த வேலை

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உயர்ந்த குரலில் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்பது ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக நின்று நான் கண்டது. அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை என் மகள் நான்கு நாள் லீவில் இங்கே வந்தாள். ரயிலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அது போகட்டும் என்று விட்டேன். தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தாள். அதை விட முடியவில்லை. வலது கையைக் காட்டு என்றேன். மூன்று விரல்களில் நகம் இல்லை.

"கதவுல நசுங்கிடுச்சும்மா" என்றாள்.

கதவில் நசுங்கிய நகம் கறுத்துப்போகும். பின்பக்கமாகப் பெயர்ந்து வராது. வேறு யாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்கும். அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நான்கு பேருக்கான உங்கள் மோட்டார் படகில் ஐந்து பேர் போயிருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் மகன், என் மகள், மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். லைஃப் ஜாக்கெட்டுகள் முன்பக்கப் பெட்டிக்குள், வாங்கின பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்திருக்கின்றன. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்த நேரத்தில், பக்கத்தில் போன வேகப் படகின் அலை வந்து அடித்திருக்கிறது. படகு கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத என் மகள் அந்தக் குளிர்ந்த ஏரியில், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் கிடந்திருக்கிறாள்.

நீங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பெல்ட் போடாதவனைச் சாவியைத் தொட விடமாட்டேன் என்று, பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். இவர் வீட்டில் பெண் பத்திரமாக இருப்பாள் என்று நான் முடிவு செய்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

படகு கவிழ்ந்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். கரைக்கு வந்ததும் அவளிடம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வீணாகப் பயந்துவிடுவார்கள் என்று சொன்னீர்களாமே. மூன்று வாரம் என் மகள் போனில் தினமும் பொய் சொல்லியிருக்கிறாள். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அவள் உங்கள் படகில் கால் வைக்கக் கூடாது. படகையும் விற்றுவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 9

சம்பந்தி அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கையெழுத்து புரியாது என்பார்கள். உங்களுடையது அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையைக்கூடப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. கல்யாணத்தின் மூன்று நாட்களிலும் சேர்த்துக்கூட நீங்கள் இத்தனை வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நடந்தது நடந்ததுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேகப் படகுக்காரனைப் பற்றியும் நீங்கள் கொஞ்சம் கோபப்பட வேண்டும். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த வேகத்தில் யாராவது போவார்களா? திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். ரோட்டில் ஒருவன் இப்படி இடித்துவிட்டுப் போனால் இடித்தவனைத்தான் பிடிப்போம், இடிபட்டவனை இல்லை.

ஐந்து பேர் ஏறியது உண்மை. அந்த இரண்டு பேரும் ஒல்லி. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆள்தான் என்று நான்தான் சொன்னேன். ஜாக்கெட்டுகள் படகில் இருந்தன, இல்லாமல் இல்லை. நான் நாற்பது வருடமாக நீந்துகிறவன். கல்லூரியில் கோப்பை வாங்கியவன். நான் இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றது, தனியாக இருக்கிறீர்களே, தூக்கம் கெடுமே என்றுதான். எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டோம். மருமகள் மறுநாளே வேலைக்குப் போனாள். வாடகைப் படகு ஓட்டுகிறவர் ஒருவர் தூரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்து வந்தார். நல்ல மனிதர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

என் சம்சாரம் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. உங்கள் கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இந்தத் தண்டனையே போதும், மேலே நீங்களும் வேண்டாம்.

படகை விற்பது பற்றி யோசிக்கிறேன். ஆசையாக வாங்கியது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

வேகப் படகுக்காரன் மேல் எனக்கும் கோபம்தான். அவன் விலாசம் கிடைத்தால் அவனுக்கும் எழுதுவேன். இப்போதைக்கு உங்கள் விலாசம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன், அதற்கு அதில் பதில் இல்லை. மகளிடமும் போனில் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

நகம் பெயர்ந்தது வலது கையில் மட்டும். இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை. நீச்சல் தெரியாத ஒருத்தி உயிருக்குப் பயந்து ஒரு படகைப் பிடித்தால் இரண்டு கையாலும் பிடிப்பாள். என் மகள் ஏன் ஒரு கையால் பிடித்தாள்? இருபத்தைந்து நிமிடம் அவளுடைய இடது கை என்ன செய்துகொண்டிருந்தது?

உங்கள் சம்பந்தி


மார்ச் 20

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவளுடைய இடது கை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

படகு புரண்டதும் நான்தான் எல்லோரையும் விடத் தள்ளி விழுந்தேன். அந்த ஏரியில் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும் என்று தெரியும். ஆனால் காலை நனைத்துப் பார்ப்பது வேறு, துணியோடு மொத்தமாக உள்ளே போவது வேறு. மூச்சு ஒரே இழுப்பாக உள்ளே போனது. வெளியே விட முடியவில்லை. வாய்க்குள் தண்ணீர் போயிற்று. சமாளித்து நாலு கை போட்டேன். படகு பத்தடியில் இருந்தது. அதற்குள் என் கைகள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. பொய் இல்லை, அம்மா. மூளை நீந்து நீந்து என்கிறது. கை கட்டை மாதிரி கிடக்கிறது. நாற்பது வருட நீச்சலும் கோப்பையும் அந்தப் பத்தடிக்கு உதவவில்லை.

என் மகன் படகுக்கு அந்தப் பக்கம், பயந்துபோய் உளறிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கிடந்தது அவனுக்குத் தெரியாது. மருமகள் பார்த்தாள். படகின் அடியில் நீளமாக ஒரு விளிம்பு ஓடும். அதை வலது கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி, இடது கையை என் பக்கம் போட்டாள். கையில் அகப்பட்டது காலர். இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அலை வரும்போதெல்லாம் என் முழுக் கனமும் அவளுடைய அந்த மூன்று விரலில் இறங்கியது.

"மாமா, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறெதுவும் பேசவில்லை.

கடைசி வரைக்கும் விடவில்லை. வாடகைப் படகுக்காரர் வந்து என்னைத் தூக்கியபோது அவள் விரல்களைக் காலரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்தப் படகில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன். நீங்கள் பயப்படுவீர்கள் என்பதற்காக இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பாற்றுவேன் என்று கூட்டிப்போனவனை, நீந்தத் தெரியாத பெண் தாங்கிப் பிடித்தாள் என்று எந்த வாயால் சொல்வது? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி மாமா என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் உங்களிடம் பொய் சொன்னாள். அந்தப் பொய் என்னுடையது. அவள் கணக்கில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பீர் குடித்திருந்தேன். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டால் லைசென்ஸை மறந்துவிடு என்று வாரா வாரம் வகுப்பில் சொல்கிறவன் நான்.

என் மகனிடமும் சம்சாரத்திடமும் நேற்று இதையெல்லாம் சொல்லிவிட்டேன். சம்சாரம் எழுந்துபோய் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். படகு விற்பனைக்கு என்று படகுத்துறைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மன்னியுங்கள் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அது தகுமா என்று தெரியவில்லை.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 1

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் படித்தேன். படித்து முடித்து அலமாரியைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். கூட வேலை செய்கிற பெண் வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மகளுக்குப் போன் செய்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமாவுக்கு அவமானமாக இருக்கும் என்றாள். கை வலிக்கவில்லையா என்றேன்.

"வலி அப்புறம்தான் வந்துச்சும்மா. அப்போ, விட்டா போயிடுவாருன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

என் வயிற்றில் பிறந்தவள் இப்படி ஒருத்தி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பெருமையும், அதற்குக் கொடுத்த விலையை நினைத்து வரும் நடுக்கமும் சேர்ந்தே வருகின்றன. பிரிக்க முடியவில்லை.

உங்களைத் திட்ட இந்தக் கடிதம் இல்லை. உடம்பு செய்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் நிமிடம் யாருக்கும் மூச்சு அப்படித்தான் திணறும். கொஞ்ச நேரத்தில் கை கால் ஓயும். ரத்தம் கை கால்களை விட்டுவிட்டு நெஞ்சைக் காக்கப் போய்விடுகிறது. கோப்பை வாங்கியவருக்கு ஒரு மாதிரி, வாங்காதவருக்கு வேறு மாதிரி என்று இல்லை. ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த நேரத்தில் அது உங்கள் தலையை மேலே வைத்திருக்கும். என் மகளின் விரல்கள் செய்த வேலை அதனுடையது. உடம்பு ஓய்ந்ததில் குற்றம் இல்லை. உறையைப் பிரிக்காமல் வைத்ததுதான் குற்றம்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் நீச்சல் பழகிய வருடம், என் மகளுக்குக் காதில் சீழ் வரும் என்று கடிதம் எழுதிக்கொடுத்து நிறுத்தியவள் நான். அவள் காதில் ஒன்றும் இல்லை. எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். என் பயத்தை அவள் காதின் மேல் போட்டேன். ஆக, பொய் எழுதுவதில் உங்களுக்கு நான் மூத்தவள்.

படகை விற்காதீர்கள். முதலில் விற்கச் சொன்னது நான்தான். இப்போது வேண்டாம் என்பதும் நான்தான். படகு ஒன்றும் செய்யவில்லை. இதை விற்றால், ஒரு வருடம் கழித்து இன்னொருவர் படகில் இதே மாதிரி ஏறுவீர்கள். அந்த ஏரியில் படகு ஓட்ட முறையாகக் கற்றுத் தருகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். போய்ச் சேருங்கள். பரீட்சை உண்டாம். தேறிய பிறகு எழுதுங்கள்.

மகளை நீச்சல் வகுப்பில் சேரச் சொல்லியிருக்கிறேன். நகம் முளைக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

உங்கள் சம்பந்தி


மே 6

சம்பந்தி அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தேறிவிட்டேன். இரண்டாவது தடவை.

முதல் தடவை நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். வகுப்பில் பதினான்கு பேர். எனக்கு அடுத்த வயதுக்காரனுக்கு முப்பத்தைந்து. சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தன்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். என் பள்ளியில் கார் கற்றவளாம். ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்று அவளை நான் மூன்று தடவை திருப்பி அனுப்பினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு நன்றாக இருந்தது.

எழுத்துப் பரீட்சையில் முழு மார்க். படகுப் பரீட்சையில் ஆரஞ்சு நிற உடுப்பு மாட்டிய பொம்மை ஒன்றைத் தண்ணீரில் எறிவார்கள். ஆள் விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு, படகைத் திருப்பிக் கொண்டுபோய்த் தூக்க வேண்டும். நான் அழகாக ஒரு வட்டம் அடித்தேன். காரைச் சுவர் ஓரமாக நிறுத்துகிற மாதிரி, பொம்மையின் பக்கத்தில் மயிரிழையில் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன், பாராட்டுவாள் என்று.

"சார், இன்ஜினை நிறுத்தல. காப்பாத்த வேண்டிய ஆளைப் படகு விசிறியால வெட்டிட்டீங்க" என்றாள்.

பொம்மையின் ஒரு கால் தனியாக மிதந்தது.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் ஃபெயில் என்று சொன்னேன். அவள் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் படகுத்துறைக்குப் போய், ஒரு காலி டப்பாவை மிதக்கவிட்டுப் பழகினேன். மருமகள் கரையில் உட்கார்ந்து மார்க் போட்டாள். கறாரான பெண், உங்களைக் கொண்டிருக்கிறாள். இன்ஜினை எப்போது நிறுத்துகிறேன் என்பதை மட்டும்தான் பார்ப்பாள். ஒரு நொடி தாமதித்தால், செத்துட்டாரு மாமா, மறுபடியும் என்பாள்.

இப்போது எங்கள் படகில் ஓட்டுகிறவன் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டிக்கொள்ள வேண்டும். அவன் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நின்றுவிடும். இந்தக் கயிறு படகு வாங்கிய நாளிலிருந்தே சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. சாவிக்கு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இதைப் பெரிய மனிதன் எழுதக் கூடாது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜாக்கெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துறையிலேயே கொக்கியில் மாட்டிவிட்டேன். போட்டுக்கொண்டால்தான் படகில் காலை வைக்கலாம். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சம்சாரத்திடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறேன். குறித்த நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் ஆனால் அவள் மீட்புப் படகுக்குப் போன் செய்வாள். போன வாரம் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துத் துறையில் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். மீட்புப் படகே வந்துவிட்டது. அதில் வந்த இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். சம்சாரம் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது கேட்கிறேன். உங்களுக்கு லீவு கிடைக்கும்போது வர வேண்டும். ஏறாவிட்டால் பரவாயில்லை, கரையில் நின்று பாருங்கள். போன தடவை எழுத வராத வார்த்தை இப்போது வருகிறது. என்னை மன்னித்துவிடுங்கள், அம்மா.

உங்கள் சம்பந்தி


மே 18

சம்பந்தி அவர்களுக்கு,

28ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். இரண்டு நாள் லீவு. கரையில் நிற்க ஏழு மணி நேரம் ரயிலில் வர மாட்டேன். என் எடை அறுபத்து நான்கு கிலோ. அதற்குத் தகுந்த ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். எடையை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பொம்மையின் காலைப் படித்துத் தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 2

சம்பந்தி அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நேரில் சொல்ல நினைத்தேன். எல்லோரும் சுற்றி இருந்ததால் முடியவில்லை. ஸ்டேஷனில் நீங்கள் நான்காவது தடவையாக வருத்தப்பட்டபோது ரயிலும் கிளம்பிவிட்டது.

அன்று காலையிலிருந்து நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஜாக்கெட்டை மாட்டிவிடச் சொல்லி, உங்கள் வீட்டம்மா என் வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். கழன்று வரவில்லை. என் மகள் எனக்கு முன்னால் படகில் இறங்கி நின்று கை நீட்டினாள். நகம் மூன்றும் முளைத்துவிட்டன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். உட்கார்ந்ததும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேர். உங்கள் வீட்டம்மா நேரம் எழுதிய தாளோடு துறையில்.

நீங்கள் இன்ஜினைத் தொடாமல் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அங்கங்கே கொஞ்சம் வெள்ளையாக நுரை தெரிந்தது, அவ்வளவுதான். போனை எடுத்துக் காற்று நிலவரம் பார்த்தீர்கள். மறுபடியும் ஏரியைப் பார்த்தீர்கள்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றீர்கள்.

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்பா, அத்தை இவ்வளவு தூரம் லீவு போட்டு வந்திருக்காங்க. கரையோரமா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமே" என்றார். பக்கத்துப் படகுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், சார் இதுக்கெல்லாமா பயப்படுறீங்க என்று சிரித்தார். நீங்கள் யாரோடும் வாதாடவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சிவந்தது. கட்டின கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

அப்புறம் கட்டிப்போட்ட படகிலேயே உட்கார்ந்து, ஜாக்கெட்டோடு, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டோம். கரையில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சாப்பிடப் பலகையை விட்ட என் கைகள் அப்புறம் அதைத் தேடவில்லை.

நான்கு மணிக்கெல்லாம் ஏரி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. போன படகுகள் எல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் முகம் வாடியது அப்போதுதான். தப்பாகக் கணித்து உங்கள் லீவை வீணாக்கிவிட்டேன் என்று அப்போது ஆரம்பித்தவர் ஸ்டேஷன் வரைக்கும் விடவில்லை.

நீங்கள் தப்பாகக் கணிக்கவில்லை. காற்று வந்திருந்தால் உங்களைக் காற்று மெச்சியிருக்கும். வராமல் போனதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஊரே சிரிக்க, பெற்ற பிள்ளை முகம் சுண்ட, வராது வந்த சம்பந்தியை முன்னால் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் படகு ஓட்டிய மனிதர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அன்று நீங்கள் என்னை ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தால், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பேன். நீங்கள் கிளம்பவே இல்லை. இப்போது எனக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறது.

என் மகள் உங்கள் படகில் கால் வைக்கக் கூடாது என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் இல்லாதபோதும் அவளை அழைத்துப் போங்கள். என்னிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

உங்கள் சம்பந்தி